மொராக்கோவின் மராகேஷ் பழைய நகரத்தில் தங்க நல்ல ரியாத் (நடுமுற்றம் வைத்த பழைய வீட்டு விடுதி) எப்படிப் பார்த்து எடுப்பது?

கேள்வி:
ஜனவரியில் நான்கு இரவு, நாங்கள் இருவர். மெதீனா என்ற அந்தப் பழைய நகரத்துக்குள் அழகான ரியாத் ஒன்றில் தங்க ஆசை. எந்தப் பகுதி, எந்த அறை? ஹம்மாம் (நீராவிக் குளியல்), சாப்பாடு பற்றியும் சொல்லுங்கள்.

பதில் 1:
பகுதி என்றால் முவாசின் அல்லது பாப் துக்காலா. செலவு பற்றிக் கவலையில்லை என்றால் எல் ஃபென் என்ற சொகுசு ரியாத்.

ரியாதில் ஜன்னல்கள் பெரும்பாலும் நடுமுற்றத்தைப் பார்த்தே இருக்கும். அதனால் தரைத்தள அறை இருட்டாக இருக்கும், முற்றத்துப் பேச்சும் பாத்திரச் சத்தமும் அப்படியே உள்ளே வரும். மாடி அறை கேளுங்கள். ஜனவரி இரவுகளில் குளிர் 5, 6 டிகிரிக்கு இறங்கும். அறையில் சூடாக்கி உண்டா, முற்றத்துக் குட்டிக் குளத்தில் வெந்நீரா என்று முன்பே எழுதிக் கேட்டுவிடுங்கள். படத்தில் தெரியாதது இந்த இரண்டும்தான்.

பல சந்துகளில் கார் நுழையாது. டாக்சி நிற்கும் இடத்துக்கு ஆள் அனுப்பச் சொல்லுங்கள். தானாக வந்து வழி காட்டுபவர் கடைசியில் பணம் கேட்பார்.

பதில் 2:
ஜோடியாகப் போவதென்றால் தனியார் ஹம்மாம்தான். பொது ஹம்மாமில் ஆண், பெண் தனித்தனி.

முதலில் நீராவியில் 10 நிமிடம். பிறகு ஆலிவ் கருஞ்சோப்பைப் பூசி 5 முதல் 10 நிமிடம் ஊறவேண்டும். அதன்பின் கெஸ்ஸா என்ற சொரசொரப்பான கையுறையால் தேய்ப்பார்கள், கடைசியில் கஸூல் களிமண். ஊறாமல் தேய்த்தால் அழுக்கு உருளாது, தோல்தான் எரியும். அவசரப்படுத்தும் இடம் வேண்டாம். அன்று சவரமோ வேக்ஸிங்கோ செய்யாதீர்கள். வயிறு நிறையச் சாப்பிட்டும் போகாதீர்கள்.

பதில் 3:
அந்த ஹம்மாமுக்கு நீர் சூடாக்கும் அடுப்பின் சாம்பலில்தான் மராகேஷின் தன்ஜியா வேகிறது. மண்ஜாடியில் இறைச்சி, பூண்டு, சீரகம், ஊறவைத்த எலுமிச்சை போட்டு மணிக்கணக்கில் புதைத்து வைப்பார்கள். இந்த ஊர் வந்து இதைச் சாப்பிடாமல் போகவே கூடாது. ரியாதில் முந்தின நாளே சொல்லி வைத்தால் ஏற்பாடு செய்வார்கள்.

மெஷூயிக்கு ஜெமா எல் ஃப்னா சதுக்கத்தின் வடக்கே உள்ள சந்து. குழியடுப்பில் வெந்த ஆட்டுக்கறியை எடைபோட்டுத் தருவார்கள், தொட்டுக்கொள்ள உப்பும் சீரகமும். இருவருக்கு அரைக் கிலோ போதும். நண்பகலிலேயே போங்கள், பிந்தினால் நல்ல துண்டு கிடைக்காது.

அமைதியான இரவுச் சாப்பாட்டுக்கு, புதிய நகரப் பகுதியான கெலிஸில் பெண்களே நடத்தும் அல் ஃபாசியா, முன்பதிவு செய்துகொண்டு போங்கள். மசாலாச் சதுக்கத்து நோமாட் உணவகத்தின் மொட்டைமாடி அழகுதான், ஆனால் ஜனவரியில் அங்கே மதியச் சாப்பாடே சரி. சந்துக் கடைகள் பலவற்றில் கார்டு எடுக்காது, சில்லறை திர்ஹம் வைத்திருங்கள்.