குதிரையின் இதயத்துடிப்பு தாறுமாறாக இருக்கிறது, ஈசிஜி எங்கே எடுப்பது?

வணக்கம். அந்தியூர் பக்கம் இருக்கிறோம். எங்கள் மார்வாரி ஆண் குதிரைக்கு 11 வயது. மூன்று வாரமாகக் கொஞ்ச தூரம் ஓடினாலே நின்றுவிடுகிறது. முன்பெல்லாம் நாம்தான் முதலில் களைத்துப்போவோம். தீனி நன்றாக எடுக்கிறது, லத்தி சரியாகப் போடுகிறது. காய்ச்சல், இருமல் இல்லை.

உள்ளூர் மருத்துவர் ரத்தசோகை என்று டானிக் கொடுத்தார். இரண்டு வாரமாகியும் மாற்றமில்லை.

அப்புறம் ஒரு ஸ்டெதாஸ்கோப் வாங்கி நானே கேட்டுப் பார்த்தேன். இடது முன்னங்காலைச் சற்று முன்னே நகர்த்தி, முழங்கைக்குப் பின்னால் நன்றாக உள்ளே அழுத்தி வைத்தால்தான் தெளிவாகக் கேட்கிறது. நிமிடத்துக்கு 40 துடிப்பு. 28 முதல் 44 வரை இயல்புதான். ஆனால் தாளமே இல்லை. புதிதாக மத்தளம் பழகும் பிள்ளை அடிப்பது போல இரண்டு துடிப்பு அடுத்தடுத்து, நீண்ட அமைதி, மறுபடி மூன்று.

ஓய்வாக நிற்கும் குதிரைக்கு அவ்வப்போது ஒரு துடிப்பு விட்டுப்போவது சகஜம், ஓடவிட்டால் சீராகிவிடும். அதையும் பார்த்தேன். ஐந்து நிமிடம் மெதுவாக ஓடவிட்டு உடனே கேட்டேன், அப்போதும் அதே தாறுமாறுதான். கழுத்து நரம்பு புடைக்கவில்லை, அடிவயிற்றில் வீக்கமும் இல்லை. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனாக (இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிக்கும் கோளாறு) இருக்குமோ என்ற பயத்தில் சவாரியை நிறுத்திவிட்டேன்.

ஈரோடு, நாமக்கல், கோவை வட்டாரத்தில் குதிரைக்கு ஈசிஜி எடுத்துப் பார்த்துச் சொல்லத் தெரிந்த மருத்துவர் எங்கே இருக்கிறார்?