புதுப்பிப்பு: அமெரிக்கப் படைவீரர் வலைப்பதிவுகள் பாதியில் நின்றது ஏன்?

ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் பணியாற்றிய அமெரிக்கப் படைவீரர்களும் அவர்களது குடும்பத்தாரும் எழுதிய வலைப்பதிவுகளைத் தொகுத்துத் தந்த 'மில்பிளாக்கிங்' என்னும் இணைய அடைவைப் பற்றி இந்த இழையில் முன்பு எழுதியிருந்தேன். அதிலுள்ள பல பதிவுகள் திடீரென நின்றுபோனது ஏன் என்று சிலர் கேட்டிருந்தீர்கள்.

ஆப்கானிஸ்தானில் பணியாற்றிய வீரர் ஒருவர் 2005-இல் தொடங்கிய அந்த அடைவை, மறு ஆண்டே படைவீரர்களுக்கான இணையதளமான மிலிட்டரி.காம் வாங்கிக்கொண்டது. பணிக்காலம் முடிந்து ஊர் திரும்பியவர்கள் எழுதுவதை விட்டது இயல்புதான். ஆனால் 2007 ஏப்ரலில் வெளியான தரைப்படை விதிமுறை, இணையத்தில் எதையும் வெளியிடுமுன் மேலதிகாரியைக் கலந்துகொள்ள வேண்டும் என்று சொன்னபோது பதிவர்களிடையே பெரும் சலசலப்பு எழுந்தது. ஒவ்வோர் இடுகையையும் முன்தணிக்கை செய்யப்போவதில்லை என்று தரைப்படை பின்னர் விளக்கமளித்தாலும், அந்த அச்சம் எளிதில் விலகியிருக்காது என்றே நினைக்கிறேன். அடுத்த மாதமே யூடியூப், மைஸ்பேஸ் உள்ளிட்ட தளங்களைப் பாதுகாப்புத் துறை தன் வலையமைப்பில் முடக்கியது. 2010 பிப்ரவரியில்தான் அந்த வலையமைப்பில் இத்தகைய தளங்களைப் பயன்படுத்தப் பொதுவான அனுமதி வந்தது.

தற்காலிக மௌனத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. முகாமில் ஒருவர் இறந்தால், அவருடைய வீட்டாருக்கு அதிகாரிகள் நேரில் செய்தி சொல்லும்வரை அங்கு இணையமும் தொலைபேசியும் துண்டிக்கப்படும். கணவரின் பதிவில் புதிதாக எதுவும் வராத நாட்களில் மனைவியர் ஏன் அவ்வளவு பதறினார்கள் என்பது இதை அறிந்தால் விளங்கும். (குடும்பத்தார் பதிவுகளைத்தான் முதலில் படிக்கச் சொல்வேன்.) மறைந்த பதிவுகள் சிலவற்றை, பழைய முகவரி தெரிந்தால், பழைய இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவில் தேடிப் பார்க்கலாம்.