சமோவா: செப்டம்பர் திருவிழாவா, அக்டோபர் வெள்ளை ஞாயிறா?

ஈரோட்டான் கேட்டது:

வணக்கம். நியூசிலாந்து ஆக்லாந்தில் இருக்கிறோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள் (10, 7), ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா. என்னோடு கிடங்கில் வேலை பார்ப்பவர்களில் பாதிப் பேர் பசிபிக் தீவு நாடான சமோவாக்காரர்கள். நாலு வருஷமாக "ஒரு தடவை எங்கள் ஊருக்கு வாயேன்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். இந்த வருஷம் போய்விடுவது என்று முடிவு.

ஆனால் எப்போது போவது என்றால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஒருத்தர் செப்டம்பர் முதல் வாரம் தெவுய்லா திருவிழாவுக்குப் போ என்கிறார். இன்னொருத்தர் அதெல்லாம் சுற்றுலாக்காரர்களுக்கு, அக்டோபரில் வெள்ளை ஞாயிறுக்குப் போ என்கிறார். எனக்குக் கிடைப்பது ஒரே ஒரு வாரம் விடுப்பு. இரண்டில் ஒன்றுதான் முடியும்.

அப்புறம் வேறு சந்தேகங்களும் உண்டு. வெள்ளை ஞாயிறு தேவாலயத்தில் நடப்பதாமே, நாங்கள் இந்துக்கள், உள்ளே போனால் சங்கடமாக இருக்குமா? அம்மா சுத்த சைவம், முட்டைகூடத் தொடமாட்டார். ஞாயிற்றுக்கிழமை ஊரே மூடிக்கிடக்கும் என்கிறார்களே, பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

---

நாஞ்சில்காரி பதில்:

தம்பி, என் வீட்டுக்காரர் வேலை நிமித்தம் நாங்கள் இரண்டரை வருஷம் சமோவாவின் தலைநகர் ஆப்பியாவில் இருந்தோம். இரண்டு தெவுய்லாவும் இரண்டு வெள்ளை ஞாயிறும் பார்த்தாயிற்று. பிள்ளைகளோடு போகிறீர்கள் என்பதால் யோசிக்காமல் சொல்வேன், அக்டோபரில் போங்கள்.

தெவுய்லாவைக் குறை சொல்லவில்லை. 1991-இல் தொடங்கிய விழா அது. தெவுய்லா என்பது அவர்கள் தேசிய மலர், செக்கச்செவேலென்று நிற்கும் ஒரு இஞ்சிவகைப் பூ. ஒரு வாரம் ஆப்பியாவில் மேடை போட்டு நடனம், பாட்டுக் குழுக்கள், தீக்கத்தி ஆட்டம், பச்சை குத்துவது, மரப்பட்டையில் சியாப்போ துணி செய்வது எல்லாம் காட்டுவார்கள். நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நீங்கள் பார்வையாளர், அவர்கள் மேடையில். நாற்காலியில் உட்கார்ந்து கைதட்டிவிட்டு அறைக்குத் திரும்பலாம்.

வெள்ளை ஞாயிறு அப்படி இல்லை. அதன் பெயரே லோத்து தமாயித்தி, பிள்ளைகளின் வழிபாடு. அக்டோபர் இரண்டாம் ஞாயிறு, மறுநாள் திங்கள் அரசு விடுமுறை. அது யாருக்காகவும் காட்டுவது கிடையாது.

இதைப் புரிந்துகொள்ள மற்ற ஞாயிறுகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். விடியுமுன்னே ஊரெங்கும் புகை எழும். உமு என்று பேர், கல்லைப் பழுக்கச் சுட்டு, அதன்மேல் கிழங்கு, ஈரப்பலா, மீன், பன்றி எல்லாம் அடுக்கி, வாழையிலை போட்டு மூடிவிடுவார்கள். நியூசிலாந்து ஹாங்கி மாதிரி குழி தோண்டுவது இல்லை, தரைமேலேயே. தேவாலயம் முடிந்து வந்ததும் தோஒனாய், அதாவது ஞாயிறு விருந்து. பெரியவர்களும் மத்தாய் என்னும் குடும்பத் தலைவர்களும் முதலில் உண்பார்கள். பிள்ளைகள்தான் தட்டு கொண்டுவருவது, கை கழுவக் கிண்ணத்தில் தண்ணீர் நீட்டுவது, ஈ விசிறுவது. எல்லாரும் எழுந்த பிறகுதான் அவர்களுக்குச் சாப்பாடு. வருஷம் முழுக்க இதுதான் முறை.

அந்த ஒரு ஞாயிறு மட்டும் எல்லாம் தலைகீழ். பக்கத்து வீட்டுத் தாத்தா ஊரில் பெரிய பட்டம் உள்ள மத்தாய், அவர் வந்தால் நடப்பவர்களே குனிந்து போவார்கள். அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தன் நான்கு வயதுப் பேத்தி சாப்பிடும்போது பின்னலோலை விசிறியால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தக் குட்டி ஐஸ்கிரீமைப் புதுச் சட்டையெல்லாம் வழியவிட்டுக்கொண்டு, இன்னும் வேண்டும் என்று கிண்ணத்தை அவர் முன்னால் நீட்டியது. அவரும் எழுந்து போய் வாங்கி வந்தார்! என் மகள் அன்றைக்கு அந்தப் பந்தியில்தான் உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பந்தி விசாரிக்கும் வேலை.

அதற்கு முன்னால் சில வாரம் நடப்பதும் ஒரு கூத்து. கடைகளில் வெள்ளைத் துணிக்கு அடிதடி. தெருவில் தையல் மெஷின் சத்தம் நடுராத்திரி வரைக்கும். சாயங்காலமானால் தேவாலயத்தில் ஒத்திகை. ஒவ்வொரு பிள்ளையும் தவுலோத்தோ என்று ஒரு வேதவசனம் மனப்பாடம் செய்து ஒப்பிக்க வேண்டும். கொஞ்சம் பெரியவர்கள் பைபிள் கதையை நாடகமாகப் போடுவார்கள். நான் பார்த்ததில் கோலியாத்தாக வந்த பையன் அடிபட்டு விழும்போது தலையணை வயிறு கழன்று விழுந்துவிட்டது, போதகரே சிரித்துவிட்டார். மூன்று வயசுக் குழந்தை ஒலிவாங்கி முன் நின்று வசனம் மறந்து அழும். யாரும் உச்சு கொட்டமாட்டார்கள், மொத்த சபையும் அந்த வரியை மெல்ல எடுத்துக் கொடுக்கும்.

இந்துவாக உள்ளே போவது பற்றி: நாங்களும் இந்துக்கள்தான். ஒருவர்கூட முகம் சுளித்ததில்லை. மாறாக, போகாமல் வீட்டில் இருந்தால்தான் "உடம்பு சரியில்லையா" என்று விசாரிக்க வருவார்கள். வெள்ளையில் போங்கள். இன்னொன்று, நீங்கள் வேட்டி கட்டிக்கொண்டு போகலாம். அங்கே ஆண்கள் ஞாயிற்றுக்கிழமை கட்டுவதே இயே ஃபாயித்தாங்கா என்ற, பை வைத்துத் தைத்த வேட்டிதான். என் வீட்டுக்காரர் வெள்ளை வேட்டி சட்டையில் வந்ததைப் பார்த்து, இது எந்தத் தையல்காரர் தைத்தது என்று மூன்று பேர் கேட்டார்கள். நான் ஜரிகைக் கரை போட்ட செட்டு முண்டு கட்டினேன். மனைவி, அம்மா புடவையில் வரட்டும், தோள் மூடியிருந்தால் போதும்.

யார் வீட்டுக்குப் போவது என்று கேட்பீர்கள். உங்களோடு வேலை செய்பவர்கள்தான் வழி. நாலு வருஷமாகக் கூப்பிடுகிறார்கள் என்றால் அது வாய்வார்த்தை இல்லை, அவர் அக்காவோ சித்தப்பாவோ யாராவது ஊரில் இருப்பார்கள். அது சரிவராவிட்டால் குடும்பங்கள் நடத்தும் கடற்கரை ஃபாலேயில் தங்குங்கள். ஃபாலே என்றால் சுவரில்லாத குடில், ஓலைத் தட்டி இறக்கிக்கொள்ளலாம், மெத்தையும் கொசுவலையும் தருவார்கள். வெள்ளிக்கிழமையே "ஞாயிறு உங்களோடு கோயிலுக்கு வரலாமா" என்று கேட்டால் ஆயிற்று. வெறுங்கையோடு போகாதீர்கள். பெரிய டின் பிஸ்கட்டோ, பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் வாளியோ கொண்டுபோங்கள். காணிக்கைக்குத் தனியாகக் கொஞ்சம் தாலா நோட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா சாப்பாடு. இதற்குத்தான் எனக்கு எழுதக் கை துறுதுறுத்தது. அங்கே ஒரு பண்டத்தின் பெயர் பாலுசாமி. நம்ம ஊர் ரேஷன் கார்டில் இருக்கும் பெயர் மாதிரி இருக்கிறதல்லவா? இளம் சேப்பங்கிழங்கு இலையைக் கிண்ணம்போல் மடக்கி, கெட்டித் தேங்காய்ப்பாலும் வெங்காயமும் உப்பும் ஊற்றிப் பொதிந்து உமுவில் வேகவைப்பது. நாகர்கோவில்காரி சொல்கிறேன், அதைச் சுட்ட ஈரப்பலாவோடு தின்றால் வேறெதுவும் வேண்டாம். ஆனால் கவனம், சிலர் உள்ளே பீசுப்போ வைப்பார்கள். அது டின் மாட்டிறைச்சி. முதலில் வந்த டின்னில் பட்டாணி சூப் இருந்ததாம், அந்த ஆங்கிலப் பேரே திரிந்து டின்னுக்குள் வரும் கறிக்கு நிலைத்துவிட்டது. முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தேங்காய்ப்பாலில் கொதித்த பச்சை வாழைக்காய், சேப்பங்கிழங்கு, அப்புறம் கோக்கோ அலாய்சா, அதாவது கோக்கோ போட்ட அரிசிப் பாயசம், இதெல்லாம் அம்மாவுக்கு ஆகும்.

ஒரு எச்சரிக்கை. சாயங்காலம் ஆறு, ஏழு மணிவாக்கில் கிராமங்களில் "சா" என்று ஒரு நேரம். மணியோ சங்கோ கேட்டால் எல்லாரும் வீட்டுக்குள் ஜெபத்துக்கு உட்கார்ந்துவிடுவார்கள். வந்த புதிதில் நாங்கள் தென்கரைக் கிராமம் ஒன்றில் கையை வீசிக்கொண்டு நடந்து போய்க்கொண்டிருந்தோம். சாலையோரம் லவாலவா என்ற இடுப்புத்துணி கட்டி நின்ற இளைஞர் ஒருவர் கையைத் தாழ்த்திக் காட்டினார். எங்களுக்குப் புரியவில்லை. இரண்டாம் தடவை காட்டியபோது அவர் முகம் மாறியது. அப்படியே சாலையோரப் புல்லில் உட்கார்ந்தோம். கால்மணி நேரத்தில் மறுபடி மணி அடித்தது. அதே இளைஞர் வந்து சிரித்துக்கொண்டே தன் பாட்டி கூப்பிடுவதாகச் சொன்னார். கோக்கோ கொடுத்துத்தான் அனுப்பினார்கள். நீங்கள் அந்த நேரத்தில் நடக்காதீர்கள், அவ்வளவுதான்.

---

கட்டுமரம் பதில்:

அக்கா சொல்வது எல்லாம் சரி, ஆனால் அவர் அங்கே குடியிருந்தவர். ஒரு வாரம் போகிறவனுக்கு எந்தத் தாத்தா கிடைப்பார்? நான் செப்டம்பரில் போனேன், யாரையும் தெரியாது, தெவுய்லாவில்தான் எனக்கு எல்லாம் கிடைத்தது. குறிப்பாக ஃபவுதாசி பந்தயம். ஒரு படகில் நாற்பது பேருக்கு மேல், துடுப்பு எல்லாம் ஒரே நேரத்தில் விழும், நடுவில் ஒருத்தர் மேளம் தட்டுவார். ஆலப்புழை பாம்புப் படகு பார்த்தவர்களுக்கு அந்தச் சிலிர்ப்பு தெரியும். விடிகாலையிலேயே ஆப்பியா கடற்கரைச் சாலைக்கு வந்துவிடுங்கள், ஊர்ஊராகக் கத்திக்கொண்டு நிற்பார்கள்.

பையன்களுக்குத் தீக்கத்தி பிடிக்கும். ஒரு வேடிக்கை: கத்தி ஆட்டம் பழையது, தீ புதிது. 1946-இல் ஃப்ரெடி லெத்துலி என்ற சமோவா ஆட்டக்காரர் சான்பிரான்சிஸ்கோவில் இந்தியத் தீவிழுங்கி ஒருவரைப் பார்த்துத்தான் தன் கத்தியிலும் துணி சுற்றிப் பற்றவைத்தாராம். நம்மாள் கைங்கரியம்!

ஏழு வயசுப் பிள்ளையை மூன்று மணி நேரம் தேவாலயத்தில் உட்காரவைக்க முடியுமா என்றும் யோசித்துக்கொள்ளுங்கள். விடுப்பு ஜூனுக்கு மாறினால் 1-ஆம் தேதி சுதந்திர தின ஊர்வலமும் உண்டு. உண்மையில் விடுதலை கிடைத்தது 1962 ஜனவரி 1. ஜனவரி மழைக்காலம் என்பதால் ஜூனில் கொண்டாடுகிறார்கள். நல்ல புத்திசாலிகள்.

---

ஈரோட்டான்:

இருவருக்கும் நன்றி. வீட்டில் படித்துக் காட்டினேன், வேட்டி விஷயம் கேட்டதும் அம்மா அக்டோபர் என்று முடிவே செய்துவிட்டார். ஒரு சந்தேகம், பாங்கோ பாங்கோவுக்கும் ஒரு பயணச்சீட்டு காட்டுகிறது. அங்கும் சமோவாதானே, அங்கே போகலாமா?

---

தேதிக்கோடு பதில்:

பார்த்துப் பதிவு செய்யுங்கள், அது அமெரிக்க சமோவா. தனி ஆட்சி, தனி நுழைவு அனுமதி. அவர்கள் பெரிய விழா ஏப்ரல் 17, 1900-இல் அமெரிக்கக் கொடி ஏறிய நாள். இன்னொரு விஷயம், நாளே வேறு. நீங்கள் போகும் சமோவா 2011 டிசம்பர் 30-ஆம் தேதியை அப்படியே விட்டுவிட்டு 29-இலிருந்து 31-க்குத் தாவி, நாள் மாறும் சர்வதேசத் தேதிக்கோட்டின் இந்தப் பக்கம் வந்துவிட்டது. வியாபாரம் எல்லாம் ஆஸ்திரேலியா, நியூசிலாந்தோடுதானே. அமெரிக்க சமோவா பழைய பக்கத்திலேயே 24 மணி நேரம் பின்னால் நிற்கிறது. இடையில் சின்ன விமானத்தில் அரைமணி நேரப் பயணம்தான். திங்கள் காலை ஆப்பியாவில் ஏறினால் அங்கே ஞாயிறு காலை இறங்குவீர்கள். அனுமதி மட்டும் இருந்தால் உங்கள் பிள்ளைகளுக்கு இரண்டு வெள்ளை ஞாயிறு, இரண்டு ஐஸ்கிரீம்.

---

நாஞ்சில்காரி:

இரண்டு தடவை மூன்று மணி நேரமா, அந்தப் பிள்ளை பாவம்! கட்டுமரம் சொன்னது நியாயம்தான். ஓரமாக உட்காருங்கள், சின்னவன் நெளிந்தால் வெளியே கூட்டிப் போய் வாருங்கள், எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் உள்ளேயும் வெளியேயும் ஓடிக்கொண்டிருக்கும்.

அம்மா முடிவு செய்துவிட்டதால் இன்னும் கொஞ்சம். ஃபாலேக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் சம்மணம் போட்டு உட்காருங்கள். காலை யார் பக்கமும் நீட்டக்கூடாது, முடியாவிட்டால் ஒரு பாயால் மூடிக்கொள்ளலாம். அம்மாவுக்கு முட்டி வலி இருந்தால் கூச்சப்படாமல் நாற்காலி கேளுங்கள். உட்கார்ந்திருப்பவர்கள் முன்னால் கடந்து போனால் குனிந்து "துலோ" என்று ஒரு வார்த்தை, பிள்ளைகளுக்கு இதை மட்டும் சொல்லிக்கொடுங்கள், பாட்டிமார் உருகிவிடுவார்கள். அவர்கள் எழுத்தில் ஆங்கில "ஜி" வந்தால் நம் "ங" ஒலி. அதனால்தான் பாங்கோ பாங்கோ. மொழி என்பதற்கு அவர்கள் சொல் "ஙஙனா". அரிச்சுவடியில் ஙப்போல் வளை என்று படித்ததோடு சரி, அந்த எழுத்தை முதலில் வைத்து நான் ஒரு வார்த்தை சொன்னது அங்கேதான்.

சனிக்கிழமையே தண்ணீர், பால், பழம் வாங்கி வைத்துவிடுங்கள். பியூலா குகைக் குளம் பார்க்க ஆசையிருந்தால் ஞாயிறு திறக்கமாட்டார்கள், வேறு நாளில் போங்கள். அப்புறம் பீசுப்போ இல்லாத பாலுசாமி வேண்டும் என்று சனி மத்தியானத்துக்குள் சொல்லிவிடுங்கள். சாயங்காலமே இலையை மடிக்கத் தொடங்கிவிடுவார்கள், மடித்த பிறகு எதில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்கே தெரியாது.