ஸ்கூல் திறந்த முதல் வாரம், வகுப்பு சார்ட், உறுதிமொழி... உங்களுக்கு என்ன நடந்துச்சு?

சாக்பீஸ்டீச்சர்:
வருஷா வருஷம் முதல் நாள் வகுப்பு ரூல்ஸை பசங்களையே சார்ட்ல எழுத வைப்போம்ல, அதுதான். ஆறாங்கிளாஸ். "அடுத்தவங்க பேசி முடிக்கிற வரைக்கும் கேக்கணும்"ங்கிற முதல் வரியைச் சொன்னது ஒரு பையன், வாயே திறக்காதவன். எல்லாரும் கையெழுத்து போட்டாங்க, அடியில சிவப்பு ஸ்கெட்ச்ல நானும் போட்டேன். மூணாவது வாரம், போர்ஷன் முடியல, பெல் அடிக்கப் போகுது, அவன் அதிசயமா எந்திரிச்சு என்னமோ சொல்ல ஆரம்பிச்சான், நான் "சரி சரி உக்காரு, அப்புறம்"னு போர்டு பக்கம் திரும்பிட்டேன். திரும்புறப்ப பாத்தேன், அவன் என்னைப் பாக்கல, சார்ட்டைப் பாத்துட்டு நிக்கிறான். மறுநாள் கேட்டதுக்கு "ஒண்ணுமில்ல மிஸ்"னுட்டான். என்ன சொல்ல வந்தான்னு இன்னும் தெரியாது.

கடைசிபெஞ்ச்:
நீங்களாவது கையெழுத்து போட்டீங்க. எங்களுக்கு அசெம்ப்ளில அவங்க சொல்லச் சொல்ல நாங்க திருப்பிச் சொல்லணும், "நேர்மையாக இருப்பேன்". அதே வாரம் ஜன்னல் கண்ணாடி உடைஞ்சுது, யாருன்னாங்க, கை தூக்கினேன், கூட எறிஞ்சவன் தூக்கல. எனக்கு முழு பீரியட் வராண்டா. உடைஞ்ச அதே ஜன்னல் வழியாத்தான் உள்ள தெரியுது, அவன் என்னைப் பாத்ததும் தலையைக் குனிஞ்சுகிட்டான். அந்த வருஷம் அவன்தான் கிளாஸ் லீடர்!!

ரெண்டுபிள்ளைஅம்மா:
எங்க வீட்ல ஸ்டார் கதை. புது ஸ்கூல்ல யாருக்காவது உதவி பண்ணா ஒரு ஸ்டார், பத்து சேந்தா சர்டிபிகேட். சின்னவ விழுந்து அழறா, பெரியவன் தூக்க ஓடினவன் பாதியில நின்னு "அம்மா, வீட்ல தூக்கினா ஸ்டார் உண்டா?"ங்கிறான். விளையாட்டுக்கு கேக்கல, அந்த மூஞ்சியைப் பாத்தா தெரியுது. நான் என்ன சொன்னேன்னு கேக்காதீங்க, "போடா"ன்னு கத்திட்டேன்.

பழையவாத்தியார்:
அம்மா, இதை எப்பவோ சோதிச்சுப் பாத்துட்டாங்க. 1973ல லெப்பர், கிரீன், நிஸ்பெட்னு மூணு உளவியல் ஆராய்ச்சியாளருங்க, படம் வரைய ஏற்கனவே ஆசை உள்ள நர்சரி பிள்ளைங்களை எடுத்துகிட்டாங்க. வரைஞ்சா தங்க ஸ்டார் ஒட்டின சர்டிபிகேட்னு ஒரு குரூப்புக்கு முன்னாடியே சொல்லியாச்சு, இன்னொண்ணுக்கு சொல்லாம கடைசியில கொடுத்தாங்க, மூணாவதுக்கு எதுவும் கிடையாது. கொஞ்ச நாள் கழிச்சு பிள்ளைங்களை அவங்க இஷ்டத்துக்கு விட்டா, முன்னாடியே ஆசை காட்டின குரூப்தான் மத்த ரெண்டையும் விட கம்மியா வரைஞ்சுது. அதனால பரிசை முன்கூட்டி பேரம் பேசாதீங்க, "நீ தூக்கினதும் பாப்பா அழுகையை நிறுத்திட்டா பாத்தியா"ன்னு நடந்ததைச் சொல்லுங்க போதும். டீச்சருக்கும் ஒண்ணு, சார்ட்டை முதல் நாளே எழுதாதீங்க, ரெண்டு சண்டை நடக்கட்டும், அப்புறம் பசங்களுக்கே வரி தோணும். "மரியாதை"ன்னு ஒத்த வார்த்தை வேண்டாம், மரியாதைன்னா யாரு என்ன செய்வாங்கன்னு எழுதணும். அஞ்சு வரிக்கு மேல போகாதீங்க. மாசம் ஒருக்கா படிச்சு, நடக்காத வரியை மாத்துங்க. என் அனுபவமா? ஒருதடவை நானே பிரின்ட் எடுத்து ஒட்டினேன், ஒரு பொண்ணு "இது யாரோட ரூல்ஸ் சார்?"னு கேட்டா.

கடைசிபெஞ்ச்:
சார், அந்தம்மா அட்வைஸ் கேக்கவே இல்லையே. ரெண்டு சண்டை நடக்கட்டும்னா அதுல அடி வாங்குறவன் யாரு?

நடுவரிசை:
கடைசிபெஞ்ச், உங்க லீடரை என்னால திட்ட முடியல. நான் அந்தக் கை தூக்காத ஆளு. வேற ஸ்கூல்தான், கீழ தள்ளினது தண்ணி பாட்டில், நனைஞ்சது இன்னொருத்தியோட ரெக்கார்ட் நோட்டு, பழி வேற ஒருத்தன் மேல விழுந்துச்சு. அன்னைக்கு காலைல உண்மைங்கிற தலைப்புல நான்தான் மேடையேறி பேசியிருந்தேன், கைதட்டுல முதல்ல தட்டினது அவன்தான். சொல்லணும்னு மூணு நாள் டீச்சர் ரூம் வாசல் வரைக்கும் போனேன். தலையைக் குனிஞ்சுகிட்டவனுக்கும் உள்ள ஏதோ ஓடியிருக்கும்ங்க.

கடைசிபெஞ்ச்:
ஓடியிருக்கலாம். வராண்டால நின்னது நான்.

சாக்பீஸ்டீச்சர்:
வாத்தியார் சொன்னதுல மாசம் ஒருக்கா படிக்கிறது மட்டும் எடுத்துக்கறேன், அதை நான் செய்யவே இல்ல. அந்தப் பையன் இப்ப ஏழாவது. நேத்து படிக்கட்டுல பாத்தேன், "மிஸ், இந்த வருஷமும் சார்ட் எழுத வைப்பீங்களா?"ன்னான். ஆமான்னேன். "நீங்களும் கையெழுத்து போடுவீங்களா?"ன்னு கேட்டுட்டு பதிலுக்குக் கூட நிக்காம ஓடிட்டான்.