சல்லடத்துக்குக் காஜா கிடையாது

எழுதப் பழகிய கதையை இந்த இழையில் ஒவ்வொருவராகச் சொல்லி வருகிறீர்கள். முதல் கவிதைக்கே கைதட்டல் வாங்கியவர்களைப் படித்தால் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது. என் கதை வேறு மாதிரி. நான் எழுதாத வரியை என் வரி என்று எழுந்து நின்று சொல்லி, வகுப்பே சிரித்த இடத்தில் அது தொடங்குகிறது.

2018. மதுரையில் ஒரு கல்லூரியில் பி.காம். இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். படைப்பிலக்கியம் என்று ஒரு விருப்பப் பாடம் இருந்தது. எங்களில் பாதிப் பேர் அதை எடுத்ததற்குக் காரணம் இலக்கியம் இல்லை. மார்க் தாராளமாக விழும் என்று சீனியர்கள் சொல்லியிருந்தார்கள், அவ்வளவுதான். எனக்கு மட்டும் உள்ளூர ஒரு நினைப்பு. பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் போட்டி என்றால் என்னைத்தான் அனுப்புவார்கள். பரிசாக வந்த எவர்சில்வர் டம்ளர் நான்கு இன்றும் வீட்டில் புழக்கத்தில் இருக்கிறது.

முதல் வாரம் ‘எங்கள் ஊர்’ என்று இரண்டு பக்கம் எழுதச் சொன்னார்கள். பிரித்து மேய்ந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு நோட்டைக் கொடுத்தேன்.

அடுத்த வகுப்பில் அம்மா நோட்டுகளைத் திருப்பித் தரவில்லை (தமிழ்ப் பேராசிரியையை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்). கரும்பலகையில் பத்து வரிகளை எழுதிப்போட்டார். பத்தும் எங்கள் கட்டுரைகளின் முதல் வரிகள். “பேரைச் சொல்ல மாட்டேன். உங்க வரி எதுன்னு நீங்களே எழுந்து சொல்லுங்க” என்றார். பத்தில் ஆறு ‘தூங்கா நகரம்’ என்று தொடங்கின. நான் எழுந்து மூன்றாவது என்றேன். அது இரண்டாம் பெஞ்சுப் பெண் எழுதியது. என்னுடையது ஏழாவது. அவள் ‘எனப் போற்றப்படும்’ என்று எழுதியிருந்தாள், நான் ‘எனப் புகழப்படும்’ என்று எழுதியிருந்தேன். வித்தியாசம் அவ்வளவுதான்.

அம்மா திட்டவில்லை. “பெத்த பிள்ளைய அடையாளம் தெரியலையே தம்பி” என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

அந்த வரி எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே இருக்கும் புதுமண்டபம் பலருக்கும் தெரிந்திருக்கும். 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்காகக் கட்டியது. பேர்தான் ‘புது’. என் காலத்தில் உள்ளே தூணுக்குத் தூண் கடை: பாத்திரம், வளையல், பாடப் புத்தகம், தையல். என் அப்பாவின் தையல் மிஷினும் அங்கேதான் ஒரு தூணை ஒட்டிக் கிடந்தது. அதற்கு நான்கு தூண் தள்ளியிருந்த புத்தகக் கடையில் பள்ளிப் பருவத்தில் வாங்கிய பொதுக்கட்டுரைத் தொகுப்பிலிருந்துதான் ‘எனப் புகழப்படும்’ வந்தது. மதுரையைப் பற்றி எழுத, மதுரைக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு, புத்தகத்தைப் பார்த்து எழுதியிருக்கிறேன்.

இடையில் பாட்டி செத்த கதை ஒன்று எழுதினேன். என் இரண்டு பாட்டிகளும் அப்போது நன்றாக இருந்தார்கள். அதைப் பற்றிச் சொல்ல வேறெதுவும் இல்லை.

அப்புறம் பங்குனியில் ஒரு பயிற்சி. ஏதாவது ஒரு வேலை நடக்கிற இடத்தில் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். ‘அழகான’, ‘அற்புதமான’ எல்லாம் வரக் கூடாது. நான் அப்பாவின் கடைக்குப் போனேன். தூரமாகப் போகச் சோம்பல், வேறு காரணம் இல்லை.

பங்குனி என்றால் அங்கே மூச்சு விட நேரம் இருக்காது. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும்போது தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள், திரியெடுத்து ஆடுகிறவர்கள், கருப்பசாமி வேடம் போடுகிறவர்கள் எல்லோருக்கும் உடுப்பு வேண்டும். அரைக்கால் சட்டை மாதிரியான சல்லடம், இடுப்பில் கட்டும் கச்சை, தலையில் கட்டும் உருமால், ஜரிகை வைத்த சிவப்புச் சட்டை. மேலூர்ப் பக்கத்திலிருந்தும் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து அளவு கொடுத்துவிட்டுப் போவார்கள். சிறு வயதிலிருந்து பார்த்த காட்சிதான். பார்த்தேன் என்று சொல்வதுகூட மிகை. கோயிலுக்குப் போகிற வழியில் அது இருந்தது, அவ்வளவுதான்.

ஒரு மணி நேரம் உட்கார்ந்து மூன்று பக்கம் எழுதினேன். இந்த முறை நிச்சயம் நல்லா வந்திருக்கிறது என்று தோன்றியது. மிஷின் சத்தம், சாக்கட்டி, பாபின், வாயில் கவ்விய குண்டூசி என்று தொழில் சொற்களாக அடுக்கியிருந்தேன். அம்மாவும் படித்துவிட்டுத் தலையாட்டினார். ஆனால், “சொற்குற்றம் நான் பார்த்துட்டேன், பொருட்குற்றம் உங்கப்பா பார்க்கட்டும், காட்டிட்டு வா” என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். தருமிக்குப் பாட்டு எழுதிக் கொடுத்த ஈசனையே நக்கீரர் விடவில்லை என்று கதை சொல்கிற ஊர் இது. நான் எம்மாத்திரம்.

அப்பா எட்டாவது வரை படித்தவர். தினமும் பேப்பரைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பார். நான் எழுதியதை அதுவரை கேட்டதும் இல்லை, நான் காட்டியதும் இல்லை. ராத்திரி கடையை அடைக்கிற நேரத்தில் நோட்டை நீட்டினேன். வாங்கி, மிஷின் பலகையில் வைத்து, துணியை நீவி விடுவதுபோல் பக்கத்தை உள்ளங்கையால் ஒரு நீவு நீவிவிட்டுப் படித்தார். உதடு அசைந்தது. இரண்டாம் பக்கத்தில் நின்றார்.

“ஏன்டா, சல்லடத்துல காஜா எங்கிட்டு இருக்கு?”

‘அப்பா சல்லடத்துக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார்’ என்று எழுதியிருந்தேன். காஜா என்றால் பொத்தான் மாட்டுகிற துளை.

“நாடாதானே கோக்குறோம். இடுப்புல மடிச்சுத் தச்சு, ஊக்குல நாடாவ மாட்டி உள்ள விட்டு இழுப்பேன். ஒனக்கு முன்னாடிதான இழுத்தேன்?”

ஆமாம், எனக்கு முன்னால்தான் இழுத்தார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் எழுதும்போது ‘காஜா’ என்ற சொல் கைவசம் இருந்தது. தையல்காரர் மகன் எழுதிய மாதிரி இருக்கும் என்று போட்டுவிட்டேன். ‘எனப் புகழப்படும்’ என்பதற்கும் அந்தக் காஜாவுக்கும் ஒரு வேறுபாடும் இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. ஒன்று கட்டுரைத் தொகுப்பிலிருந்து எடுத்தது, இன்னொன்று அப்பாவின் கடையிலிருந்து எடுத்தது. இரண்டிலும் நான் பார்க்கவில்லை. பேராசிரியை அம்மாவுக்குத் தையல் தெரியாது, அதனால் தப்பியிருந்தது.

அப்பா சாக்கட்டியை எடுத்து அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டார். துணியில் வெட்ட வேண்டிய இடத்தில் போடுவாரே, அதே மாதிரி சாய்வாக.

மறுநாள் மறுபடி போய் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரக் கணக்கெல்லாம் பார்க்கவில்லை. அன்றைக்கு மேலூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர் ஏழெட்டு வயதுப் பையனைக் கூட்டிவந்தார். பிள்ளைக்கு முடியாமல் போனபோது நேர்ந்துகொண்டதாம், வருசா வருசம் வேடம் கட்ட வேண்டும். அப்பா பையனை ஒரு ஸ்டூலில் ஏற்றி நிறுத்தி அளவெடுத்தார். பையன் டேப் பட்டு நெளிந்தான். எழுதிக்கொண்ட அளவைவிடத் துணியை அதிகமாக வெட்டுவதைப் பார்த்து ஏன் என்று கேட்டேன். இத்தனை வருசத்தில் அப்பாவின் தொழிலைப் பற்றி நான் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

“உள்ள ரெண்டு இஞ்ச் மடிச்சு விட்டுருவேன். வளர்ற பிள்ள. அடுத்த வருசம் தையலப் பிரிச்சு விட்டாப் போதும், புதுசு தைக்க வேணாம்ல.”

அவருக்கு இதனால் அடுத்த வருட வேலை ஒன்று போகிறது. அதைப் பற்றி அவரும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

திருத்தி எழுதியபோது இன்னொரு சிக்கல் வந்தது. அப்பா ‘எங்கிட்டு’ என்கிறார். நான் ‘எங்கே’ என்று எழுதினால் அது யாரோ வேறு அப்பா. ‘வந்தாய்ங்க, போனாய்ங்க’ என்று நோட்டில் எழுதக் கை கூசியது. பேச்சில் வந்தால் அடித்துத் திருத்துகிற பள்ளியில் படித்தவன் நான். அம்மாவிடம் கேட்டேன். “அவர் பேசுறதை அவர் மாதிரியே எழுது. நீ சொல்றதை நீ எழுது. ரெண்டையும் கலக்காதே” என்றார். கேட்க எளிது. நான் சொல்வது எந்தத் தமிழ் என்று கண்டுபிடிக்க அந்த செமஸ்டர் முழுக்க ஆனது. இப்போது எழுதிக்கொண்டிருப்பது ஏறக்குறைய அதுதான்.

கட்டுரையை நான்கு தடவை எழுதினேன். கடைசி வடிவத்தில் இறுதிப் பத்தி முழுவதையும் அம்மா அடித்துவிட்டார். ‘அப்பாவின் விரல் ரேகைகளில் உழைப்பின் காவியம்’ என்று ஏதோ வரும். இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. இரண்டு இஞ்ச் மடிப்போடு கட்டுரை நின்றது. பத்துக்கு ஏழு போட்டார். சீனியர்கள் சொன்ன தாராளம் எந்த வருடத்துக் கதையோ தெரியவில்லை.

ஆண்டு மலரில் அது அச்சாகி வந்தது. தலைப்பை ‘உழைப்பே உயர்வு’ என்று மாற்றியிருந்தார்கள். ‘எங்கிட்டு’ எல்லாம் ‘எங்கே’ ஆகியிருந்தது. கடைசியில் நான் எழுதாத வரி ஒன்று: ‘தந்தையின் உழைப்பைப் போற்றுவோம்!’ ஆச்சரியக்குறியோடு. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், படம்கூடப் போட்டிருந்தார்கள். எனக்கு மட்டும் சாப்பாடு இறங்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு யானைக்கல் பாலம் வரை போய், வைகையில் இல்லாத தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். மூன்று மாதத்துக்கு முன்னால் பத்து வரியில் என் வரியைக் கண்டுபிடிக்கத் தெரியாதவன், ஒரு வரி என்னுடையது இல்லை என்று அன்றைக்கு அப்படிக் கோபப்பட்டேன்.

படித்து முடித்து இப்போது ஜி.எஸ்.டி. கணக்குப் பார்க்கிற வேலை. வாரத்துக்கு ஒன்றாவது எழுதுகிறேன், பெரும்பாலும் யாருக்கும் காட்டுவதில்லை. புதுமண்டபத்துக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். அப்பாவும் மிஷினைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். வெளிச்சம் நன்றாக இருக்கிறதாம், ஆனால் சாய்ந்துகொள்ளத் தூண் இல்லை என்கிறார்.

மேலே ஒருவர், பழைய நோட்டுகளை வைத்திருக்கிறீர்களா என்று எல்லோரையும் கேட்டிருந்தார். அந்த ஒன்று இருக்கிறது. சாக்கட்டிக் கோடு அழிந்துவிடுமே என்று அந்தப் பக்கத்தின் மேல் டிரேசிங் தாள் வைத்திருக்கிறேன். போன மாதம் அப்பா அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “இதுக்குப் போய் தாளு எதுக்கு? அழிஞ்சா இன்னொரு கோடு போட்டுத் தர்றேன்” என்றார்.