தளியின் மார்கழிக் காலையும் ஐந்தாவது இன்ஜெக்டரும்

தளிக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் தோட்டத்து வீட்டில், 1980களில் ஜப்பானில் தயாரான இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருக்கிறது. எஞ்சின் இருக்கைகளுக்குப் பின்னால் அமைந்த வண்டி. சென்ற மார்கழியில் அது காலையில் ஸ்டார்ட் ஆக மறுத்தது. செல்ஃப் நன்றாகச் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. ஏழெட்டு முறை முயன்றபின் இருமி இருமி எழுந்துவிட்டால், அன்று முழுவதும் சாவியைத் திருப்பிய நொடியில் ஸ்டார்ட் ஆகும்.

கிருஷ்ணகிரிப் பட்டறைக்கு மூன்று முறை கொண்டு சென்றேன். பேட்டரி, பிளக், பிளக் வயர் எல்லாம் மாற்றியும் குறை அப்படியே இருந்தது. தளியிலிருந்து ஓசூர் வழியாகக் கீழே இறங்குவதற்குள் எஞ்சின் முழுச் சூட்டுக்கு வந்துவிடும் என்பதாலும், கிருஷ்ணகிரி எங்கள் ஊரைவிடத் தாழ்வான, வெயில் மிகுந்த ஊர் என்பதாலும், மெக்கானிக் அண்ணன் கண்முன் அந்தக் குறை ஒருநாளும் வெளிப்படவில்லை. குளிரில் வரும் குறையைக் குளிரில்தான் பார்க்க முடியும். எஞ்சின் ஒருமுறை எழுந்துவிட்டால் அடுத்த வாய்ப்பு மறுநாள் காலைதான். இதை உணர எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. அதன் பிறகே அவரை ஓர் இரவு எங்கள் வீட்டில் தங்கும்படி கேட்டுக்கொண்டேன்.

காலை ஆறு மணிக்கு ஐந்து நொடி செல்ஃப் அடித்துவிட்டு, அவர் முதலில் ஒரு பிளக்கைக் கழற்றினார். "பாருங்க சார், காய்ஞ்சு கிடக்கு, பெட்ரோல் வாசமே இல்லை" என்றார். பிளக் நனைந்திருந்தால் ஸ்பார்க்கைச் சந்தேகிக்கலாம், பெட்ரோல் அளவுக்கு மீறிப் பாய்வதாகவும் கருதலாம்; காய்ந்திருந்ததால் தேட வேண்டிய திசை தெளிவாயிற்று. பெட்ரோல் பம்பை நேரடியாக இணைத்துப் பத்து நொடி ஓடவிட்டபின் செல்ஃப் அடித்தும் பயனில்லை; ஆகவே பம்பை விட்டுவிட்டோம். எஞ்சின் வெப்பத்தைக் கணினிக்குச் சொல்லும் சென்சார், 20 டிகிரியில் 2,000 முதல் 3,000 ஓம் வரை மின்தடை காட்ட வேண்டும். குளிரக் குளிர அந்த அளவு ஏறும். அன்றைய குளிரில் 2,900 காட்டியதால் அதையும் விட்டுவிட்டோம்.

மீதமிருந்தது, குளிர்நேரத்தில் மட்டும் கூடுதல் பெட்ரோல் தெளிக்கும் ஐந்தாவது இன்ஜெக்டர். சிலிண்டருக்கு ஒன்றாக உள்ள நான்கைத் தவிர, அக்கால எஞ்சின்கள் பலவற்றில் இப்படி ஒன்று தனியாக இருக்கும். எஞ்சினைக் குளிர்விக்கும் நீரின் பாதையில் உள்ள சுவிட்ச் ஒன்று, எஞ்சின் குளிர்ந்திருந்தால் அதற்கு எர்த் கொடுத்து, சில நொடிகளில் தானே துண்டித்துவிடும். தீப்பொறி எழாதபடி, பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலின் இணைப்பைக் கழற்றி வைத்துவிட்டு, அந்த இன்ஜெக்டரை வெளியே எடுத்துக் கண்ணாடிப் புட்டிக்குள் பிடித்துச் செல்ஃப் அடித்தோம். ஒரு சொட்டும் வரவில்லை. சுவிட்ச் பக்க வயரைக் கணநேரம் நேரடியாக எர்த் செய்தபோது, புட்டிக்குள் புகைபோல் பெட்ரோல் விரிந்தது. ஆகவே இன்ஜெக்டர் நலமாகவே இருந்தது.

சுவிட்சின் சாக்கெட்டைப் பிரித்தோம். ரப்பர் உறை அப்பளமாக நொறுங்கியது. உள்ளே பித்தளை முனை முழுவதும் பச்சைக் களிம்பு படர்ந்திருந்தது. அண்ணன் எமரித் தாளைச் சிறு குச்சியில் சுற்றி, அரை மணி நேரம் பொறுமையாகத் தேய்த்து, முனையை நெருக்கிப் பொருத்தி, புதிய உறையும் போட்டார்.

சரியாயிற்றா என்று அறிய அவர் இன்னும் ஓர் இரவு தங்கினார். மறுநாள் ஆறு மணிக்குப் பனி இறங்கிக்கொண்டிருக்கையில் சாவியைத் திருப்பினேன். இரண்டாவது சுற்றிலேயே எஞ்சின் பிடித்து, நிமிடத்துக்கு 1,500 சுழற்சியில் நிலைத்து, சூடேற ஏற மெல்ல 800க்கு இறங்கியது.