பள்ளி சர்வீஸ் கிளப்பில் நிதி திரட்ட வேண்டும், எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி (பதினொன்றாம் வகுப்பு, கிளப் தலைவி)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பள்ளி இன்டராக்ட் கிளப்புக்கு (ரோட்டரி சங்கத்தின் பள்ளி மாணவர் சேவைக் கிளப்) இந்த ஆண்டு என்னைத் தலைவியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பதிவேட்டில் நாற்பது பேர் இருக்கிறோம், கூட்டத்துக்குப் பதினைந்து பேர் வந்தாலே பெரிய விஷயம்.

போன ஆண்டு இருந்தவர்கள் தின்பண்டக் கடை போட்டார்கள். பண்டங்களைச் செய்து கொடுத்தது எங்கள் வீட்டுக்காரர்கள். வரிசையில் நின்று வாங்கியதும் அவர்களேதான்! கடைசியில் "திரட்டிய நிதியை ஒரு காப்பகத்துக்கு வழங்கினோம்" என்று அறிவிப்புப் பலகையில் ஒரு வரி ஒட்டினார்கள். எவ்வளவு வசூல், எவ்வளவு செலவு என்று யாருக்கும் தெரியாது. இப்போது நான் போய் எதைக் கேட்டாலும் "போன வருஷப் பணம் என்ன ஆச்சு?" என்கிறார்கள்.

எனக்கு மூன்று சந்தேகங்கள். என்ன நிகழ்ச்சி வைத்தால் நல்ல வசூல் வரும்? பாதிப் பேர் சேவை மணி நேரச் சான்றிதழுக்காகத்தான் சேர்ந்திருக்கிறார்கள், அவர்களை என்ன செய்வது? பக்கத்தில் இருக்கிற தேவைக்குத் திரட்டுவதா, போலியோ ஒழிப்பு மாதிரி பெரிய விஷயத்துக்குக் கொடுப்பதா?

பதில் 1 (பன்னிரண்டாம் வகுப்பு, வேறு பள்ளி)

குலுக்கல் சீட்டு போடுங்க. செலவே இல்லை, பரிசை யாராவது இலவசமாகத் தருவார்கள். நாங்கள் கார் கழுவினோம், நன்றாகத்தான் போனது. திறமைப் போட்டி வைத்து நுழைவுக் கட்டணமும் வாங்கலாம்.

பதில் 2 (ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர், நெடுநாள் கிளப் பொறுப்பாசிரியர்)

தலைவி ஆனதற்கு வாழ்த்துகள் ம்மா. மேலே தம்பி சொன்ன யோசனைகள் மோசமில்லை. ஆனால் உன் முதல் கேள்வியையே கடைசியில் வைத்துக்கொள். நிகழ்ச்சியை முடிவு செய்துவிட்டு அப்புறம் "இந்தப் பணத்தை யாருக்குக் கொடுக்கலாம்" என்று தேடுகிற கிளப்தான் கடைசியில் ஒரு வரி அறிவிப்பு ஒட்டும்.

முதலில் பெறப்போகிறவரிடம் போ. நூலகமோ, முதியோர் இல்லமோ, விலங்குகள் காப்பகமோ, எதுவானாலும் இரண்டு பேராகப் போய், "உங்களுக்கு இப்போது என்ன வேண்டும்?" என்று கேள். போகும்போதே விடையை மனசில் வைத்துக்கொண்டு போகாதே. ஒரு நூலகத்துக்குப் புத்தகம் திரட்டித் தருகிறோம் என்று என் பிள்ளைகள் துள்ளிக்கொண்டு போனார்கள். அந்த நூலகர் அம்மா பொறுமையாக உள்ளறையைத் திறந்து காட்டினார். தானமாக வந்த பழைய பாடநூல்கள், அட்டை கிழிந்த வார இதழ்கள், எல்லாம் கூரைவரை. "இதைப் பிரித்து, தேறாததை வெளியேற்ற எனக்கு ஆள்தான் வேண்டும்" என்றார். அந்த ஆண்டு எங்கள் பெரிய வேலையே அதுதான். ஒரு காசு திரட்டவில்லை.

பணம்தான் வேண்டும் என்று அவர்கள் சொன்னால், எதற்கு, எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொள். தொகை தெரிந்த தேவைக்குக் கொடுக்க ஆட்கள் தயங்குவதில்லை. கிவானிஸ் என்ற சேவை அமைப்பும் ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யூனிசெஃபும் 2010இல் தாய் சேய் டெட்டனஸை ஒழிக்க ஒரு திட்டம் தொடங்கின. கிவானிஸின் பள்ளி மாணவர் கிளப்பான கீ கிளப் பிள்ளைகளும் அதற்குத் திரட்டினார்கள். ஒரு தாயையும் அவருக்குப் பிறக்கப்போகும் குழந்தைகளையும் காக்கிற தடுப்பூசித் தவணைகளுக்குச் சுமார் 1.80 டாலர் என்று சொல்லித்தான் கேட்டார்கள். "நல்ல காரியத்துக்கு ஏதாவது கொடுங்கள்" என்று கேட்டால் எதிரில் இருப்பவர் சட்டைப்பையில் கிடக்கிற சில்லறையைத் தேடுவார். "இவ்வளவு தந்தால் ஒரு தாய்க்கு ஆகும்" என்றால் எத்தனை தாய்க்குத் தரலாம் என்று யோசிப்பார்.

தொகை சின்னதாக இருக்கிறதே என்று கூச்சப்படாதே. யூனிசெஃபுக்காகப் பிள்ளைகள் வீடு வீடாகப் போய் உண்டியலில் காசு வாங்கும் பழக்கம் 1950இல் பிலடெல்பியாவில் தொடங்கியது. காலிப் பால் அட்டைப்பெட்டிகளுக்கு வண்ணம் பூசி எடுத்துப் போனார்கள். முதல் ஆண்டு கிடைத்தது 17 டாலர்.

இப்போது தின்பண்டக் கடைக்கு வருவோம். கணக்கு வாத்தியாரிடம் கேட்டுவிட்டாய், தப்பிக்க முடியாது. பெற்றோர் செலவழித்துச் செய்ததை, பெற்றோரே காசு கொடுத்து வாங்குகிறார்கள். மூலப்பொருள் செலவை யாரும் எழுதுவதில்லை, அதனால் வசூல் முழுவதும் லாபம் மாதிரித் தெரிகிறது. அந்தச் செலவையும் எழுதிப் பார்த்தால், கடையே போடாமல் ஒவ்வொரு வீடும் அதில் பாதியை நேராகக் கொடுத்திருந்தால்கூட அதிகம் சேர்ந்திருக்கும் என்று பல நேரம் தெரியவரும். மாணவர்களின் உழைப்பும் அதில் கொஞ்சம்தான், மேசைக்குப் பின்னால் நிற்பதோடு சரி.

எனக்குப் பிடித்தது, மாணவர்கள் உழைப்பதைப் பார்த்து மற்றவர்கள் பணம் தருகிற முறை. நடக்கிற ஒவ்வொரு சுற்றுக்கும் இவ்வளவு, படித்து முடிக்கிற ஒவ்வொரு புத்தகத்துக்கும் இவ்வளவு என்று முன்கூட்டியே படிவத்தில் எழுதி வாங்குவது. செலவு என்று பார்த்தால் காகிதம்தான். இதில் இரண்டு விஷயம் கவனி. படிவத்தில் "அதிகபட்சம் இவ்வளவு" என்று ஒரு கட்டம் இருக்கட்டும். உற்சாகத்தில் கையெழுத்துப் போட்ட ஒரு தாத்தா, பேரன் முப்பது சுற்று ஓடிவிட்டு வந்து நின்றால் திகைத்துப்போவார். அடுத்தது, நிகழ்ச்சி முடிந்த அதே வாரத்தில் வசூலித்துவிடு. ஒப்புக்கொண்ட தொகை நாளாக ஆகச் சுருங்கும், எனக்குத் தெரிந்து வளர்ந்ததில்லை.

குலுக்கல் சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. பல இடங்களில் அது சூதாட்டச் சட்டத்துக்குள் வரும், அனுமதி வாங்க வேண்டியிருக்கும், பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் விற்கவே கூடாது என்றும் இருக்கும். பள்ளி நிர்வாகத்திடம் கேட்காமல் தொடாதே.

போன ஆண்டுப் பணத்துக்கு நீ பொறுப்பில்லை. ஆனாலும் அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவது உன் வேலைதான். பழைய பொருளாளரையும் பொறுப்பாசிரியரையும் பார், கிடைத்த தாளையெல்லாம் வாங்கு. அந்தக் காப்பகத்தில் ரசீதின் நகல் இருக்கும், அதையும் கேள். தெரிந்தது இவ்வளவு, தெரியாதது இவ்வளவு என்று பலகையில் போடு. அதன் பக்கத்திலேயே இந்த ஆண்டுக் கணக்கை யார் எழுதுவார்கள், யார் சரிபார்ப்பார்கள் என்பதையும் போட்டுவிடு.

பதில் 3 (கல்லூரி மாணவர், பள்ளியில் லியோ கிளப் பொருளாளர்)

சார் சொன்னதற்குக் கீழே கைச்சாத்து. பணத்தைக் கையாள்வதைப் பற்றி மட்டும் நான் சேர்க்கிறேன்.

எண்ணும்போது எப்போதும் இரண்டு பேர், அதில் ஒருவர் ஆசிரியர். எண்ணியதும் தாளில் எழுதி இருவரும் கையெழுத்து. வரிசை எண் அச்சிட்ட ரசீதுப் புத்தகம், வீணான ரசீதைக்கூடக் கிழித்துப் போடக் கூடாது. வசூல் பணம் ஒரு இரவுகூட மாணவர் வீட்டில் தங்கக் கூடாது. திருடுவார்கள் என்பதற்காக இல்லை, நாளைக்கு ஐம்பது குறைந்தால் அந்தப் பிள்ளைதான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

நிறைய பேர் கவனிக்காத ஒன்று: வசூலிலிருந்தே எடுத்துச் செலவு செய்துவிட்டு மிச்சத்தைக் கட்டுவது. வந்தது முழுவதையும் அப்படியே பள்ளிக் கணக்கில் கட்டுங்கள், செலவுக்குத் தனியாக பில் வைத்து வாங்குங்கள். அப்போதுதான் வசூல் எவ்வளவு, செலவு எவ்வளவு என்று இரண்டும் தனித்தனியாகத் தெரியும். க்யூஆர் கோடு வைப்பதானால் அது பள்ளிக் கணக்குக்குத்தான் போக வேண்டும். "அவசரத்துக்கு என் அக்கா நம்பர்" என்பதெல்லாம் வேண்டாம்.

எங்கள் லியோ கிளப்பின் தாய் அமைப்பான லயன்ஸ் சங்கத்தில் இதற்கு ஒரு தெளிவான விதி உண்டு. பொதுமக்களிடம் திரட்டிய பணம் பொதுப் பணிக்கே திரும்ப வேண்டும். அந்த நிகழ்ச்சிக்கு ஆன நேரடிச் செலவை மட்டும் கழிக்கலாம். கிளப் டி-ஷர்ட், பிரிவு உபசார விருந்து எல்லாம் உறுப்பினர் சந்தாவிலிருந்து. நீங்கள் இன்டராக்ட் என்றாலும் இதைக் கடைப்பிடியுங்கள், வாக்குவாதங்கள் பாதியாகக் குறையும்.

பதில் 4 (முதியோர் இல்லப் பணியாளர்)

மாணவர்கள் வந்து போகிற இடத்தில் வேலை செய்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன். ஒரே நாளில் பேருந்து நிறைய வருவார்கள். பாட்டு, கைதட்டல், பேனருடன் போட்டோ. அவர்கள் போன பிறகு நாற்காலிகளைத் திரும்பப் போடுவது நாங்கள். அடுத்த ஆண்டு வேறு பேருந்து. எங்களுக்கு நாலு பேர் போதும், வாரா வாரம் அதே நாலு பேர் வரட்டும். கடிதம் படித்துக் காட்டவும், போனில் பேரனை வீடியோவில் கூப்பிட்டுத் தரவும் தெரிந்த முகம்தான் வேண்டும். படம் எடுப்பதற்கு முன்னால் தாத்தா பாட்டிகளிடமும் கேளுங்கள். சிலர் இங்கே இருப்பதைச் சொந்தக்காரர்களுக்குத் தெரியப்படுத்தவே விரும்புவதில்லை.

சான்றிதழுக்காக வருகிறவர்களைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம் என்பது என் எண்ணம். எங்களிடம் ரொம்ப நாள் நிலைத்த பிள்ளைகளில் சிலர் மணி நேரத்துக்காக வந்தவர்கள்தான். ஒரே நிபந்தனை, "சும்மா உதவி பண்ணு" என்று விடாமல், இந்த அறை, இந்தப் பெரியவர், இந்த வேலை என்று குறிப்பாகக் கொடுக்க வேண்டும். மணி நேரத் தாளில் எங்கள் கையெழுத்தும் இருக்கட்டும். தாங்களே நிரப்பிக்கொள்கிற தாளில் இரண்டு மணி நேரம் நாலாகிவிடுகிறது.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. நூலகர் கதையைப் படித்ததும் இன்று இரண்டு இடத்துக்கு அனுமதிக் கடிதம் எழுதி மிஸ்ஸிடம் கொடுத்துவிட்டேன். சார், இரண்டு பிரச்சினை இன்னும் இருக்கிறது. தலைமையாசிரியர் "பெரிய நிகழ்ச்சி, மேடை, சிறப்பு விருந்தினர்" என்று எதிர்பார்க்கிறார். போலியோவைப் பற்றியும் நீங்கள் சொல்லவில்லை. வராத இருபத்தைந்து பேரைப் பதிவேட்டிலிருந்து எடுத்துவிடலாமா என்றும் செயலாளர் கேட்கிறான்.

பதில் 2 எழுதியவர்

போலியோவா, பக்கத்துத் தேவையா என்று நீ குழம்ப வேண்டியதே இல்லை. இன்டராக்ட் கிளப் ஆண்டுக்குக் குறைந்தது இரண்டு திட்டம் செய்ய வேண்டும்: ஒன்று பள்ளிக்கோ சுற்றியுள்ள சமூகத்துக்கோ, மற்றது நாடுகளுக்கு இடையிலான புரிதலுக்கு. இரண்டுமே உனக்கு உண்டு. ரோட்டரி 1985இல் போலியோ ஒழிப்பைத் தன் பணியாக எடுத்துக்கொண்டது. 1988இல் உலகத்தில் ஆண்டுக்குச் சுமார் 3,50,000 பிள்ளைகளை முடக்கிய நோய் அது, இன்று விரல்விட்டு எண்ணக்கூடிய நாடுகளில்தான் மிச்சம். ரோட்டரி திரட்டும் ஒவ்வொரு டாலருக்கும் கேட்ஸ் அறக்கட்டளை இரண்டு டாலர் சேர்ப்பதாக ஓர் ஏற்பாடு உண்டு. சிறிய தொகை திரட்டுகிற கிளப்புக்கு இதைவிடத் தோதான இடம் எனக்குத் தெரியாது. ஆனால் உண்டியல் வைத்துப் பணம் அனுப்பிவிட்டால் புரிதல் வந்துவிடாது. இவ்வளவு குறைந்த நோயை முழுசாக ஒழிக்க ஏன் இத்தனை காலம் ஆகிறது என்று ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து பேசுங்கள். மற்ற நேரத்தையெல்லாம் பக்கத்து வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் ஒரே உண்டியல் மட்டும் வேண்டாம், தருகிறவருக்கு எதற்குத் தருகிறோம் என்று தெரிய வேண்டும்.

தலைமையாசிரியர் கேட்பதில் தப்பில்லை, பள்ளியின் பெயரும் அவருக்கு முக்கியம்தானே. மேடையை ஆண்டின் கடைசியில் போடலாம் என்று சொல்லிப் பார். சிறப்பு விருந்தினராக அந்த நூலகரையோ இல்லத்துப் பணியாளரையோ கூப்பிடு. பொருளாளர் மைக்கில் கணக்கு வாசிக்கட்டும். மேடைக்கு ஆகிற செலவு திரட்டிய தொகையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று நான் வைத்திருந்த வரம்பையும் சொல். அது எந்த அமைப்பின் விதியும் இல்லை, என் பிடிவாதம். ஆனால் எண்ணைச் சொல்லிக் கேட்டால் பெரியவர்கள் சீக்கிரம் ஒத்துக்கொள்வார்கள்.

செயலாளரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல். 1962இல் உலகத்தின் முதல் இன்டராக்ட் கிளப் 23 மாணவர்களோடு தொடங்கியது, உன் பதினைந்து ஒன்றும் குறைச்சல் இல்லை. 1957இல் முதல் லியோ கிளப்பைத் தொடங்கியதில் முன்னால் நின்றவர் ஜிம் கிரேவர் என்ற பேஸ்பால் பயிற்சியாளர். சேர்ந்த 35 பேரில் 26 பேர் அவருடைய அணிப் பையன்கள். ஏற்கெனவே ஒன்றாகத் திரிகிற கூட்டத்தை அப்படியே கூட்டி வந்தால் வேலை எளிது. வராதவர்கள் எந்த அணியில், எந்த நட்பு வட்டத்தில் இருக்கிறார்கள் என்று பார். வட்டத்துக்கு ஒருவரிடம் போய், ஒரே ஒரு வேலையை, தேதி போட்டுக் கேள். அதற்கும் வராதவர்களை அரையாண்டுக்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

நூலகம் என்ன சொன்னது என்று இங்கேயே எழுது. நடைச் சுற்றுக்கான படிவம் தயாரானால் அதையும் போடு, அச்சடிக்கும் முன் ஒருமுறை பார்த்துத் தருகிறேன்.